ஒரு ஜோடி கையுறை

போன ஞாயிற்றுக்கிழமை நானும் நித்யாவும் ஏற்காடு பஸ் ஏறினோம். படகு விடுவதற்காக இல்லை. பனியில் நின்று செல்ஃபி எடுப்பதற்காகவும் இல்லை. ஒரு பெண்ணுக்குப் போன வேலையைத் திரும்ப வாங்கித் தருவதற்காக.

அந்த வேலை போனது டாக்டர்களால். அதாவது, எங்களால். அலட்சியமாக இருந்துவிட்டோமா? தப்பான மருந்து கொடுத்தோமா? அப்படி ஏதாவது செய்திருந்தால்கூட ஒரு மன்னிப்போடு முடிந்திருக்கும். நாங்கள் பாடத்தில் சொன்னபடி சுத்தமாக, கச்சிதமாக நடந்துகொண்டோம். அதில் போனது வேலை.

குழப்புகிறேனா? முதலிலிருந்து வருகிறேன்.

வாரா வாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு நித்யாவைத் தெரியும். புதியவர்களுக்கு: நாங்கள் இருவரும் தோல் மருத்துவம் மேல்படிப்பு படிக்கிறோம். கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றும் நேரத்தில், "பருவுக்கு என்ன சார் போடலாம்?" என்று கேட்கப்படுகிற இனம். நித்யா எங்கள் பேட்ச்சின் நட்சத்திரம். எல்லோரும் "மூணாம் பெட் படை" என்று சொல்லும்போது, அவள் மட்டும் "மூணாம் பெட் ராமலிங்கம்" என்பாள். வார்டில் ஒரு பாட்டிலைத் திறந்தால் மூடிவிட்டுத்தான் மறுவேலை. எனக்கு அவள் மேல் பொறாமை உண்டு என்பதை அவளே படிக்கப்போகும் இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

இந்தப் படிப்பில் சேரும்போது நான் நினைத்தது வேறு. கண் இருந்தால் போதும்... பார்த்த மாத்திரத்தில் நோயின் பெயரைச் சொல்லி அசத்திவிடலாம் என்று. வந்த பிறகுதான் தெரிந்தது, பேஷன்ட் முன்னால் உட்காருவதற்கே மார்க் உண்டு! பெயர் சொல்லி வணக்கம் சொன்னாயா? தொடுவதற்கு முன் அனுமதி கேட்டாயா? திரை போட்டாயா? வெளிச்சம் போதுமா? கையைச் சுத்தம் செய்தாயா? நோயை அவர்களுக்குப் புரிகிற தமிழில் சொன்னாயா? புரிந்ததா என்று திருப்பிக் கேட்டாயா? பக்கத்தில் பேராசிரியை மேடம் நின்று டிக் அடித்துக்கொண்டே இருப்பார்.

கிண்டல் இல்லை. இதெல்லாம் வேண்டும். தோல் என்பது ஒரு மனிதன் எல்லோருக்கும் காட்டியாக வேண்டிய உறுப்பு. இதயத்தில் ஓட்டை இருந்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. கன்னத்தில் ஒரு தேமல் வந்தால் பால்காரரே முதலில் கேட்பார். அதனால் எங்களுக்கு மருந்தைவிட மரியாதை முக்கியம் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள்.

சரி, முகாமுக்கு வருகிறேன்.

போன மாதம் ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் இலவசத் தோல் பரிசோதனை முகாம். சுற்றுவட்டாரத்து எஸ்டேட் ஆட்கள், தலைச்சோலை, மாரமங்கலம் பக்கத்துக் குடும்பங்கள், ரிசார்ட் ஊழியர்கள்... எல்லோருக்கும் சேர்த்து. புல்தரையில் ஷாமியானா போட்டு நடத்துவதாக ஏற்பாடு. காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. ரிசார்ட் மேனேஜர் நல்ல மனிதர், சேலத்துக்காரர். "உள்ள வந்துருங்க டாக்டர், டைனிங் ஹால் சும்மாத்தான் கெடக்குது" என்று கதவைத் திறந்துவிட்டார். சாப்பாட்டு மேஜைகள் எங்கள் மேஜைகளாயின. இந்த ஒரு மாற்றம் இல்லாவிட்டால் இந்தப் பத்தியே இல்லை.

நித்யாவிடம் முதலில் வந்தது ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோருக்கும் சிரங்கு. சிரங்கு தொற்றும். கிளவுஸ் போட்டே ஆகவேண்டும். போட்டாள். அந்தக் குடும்பம் போனதும் கழற்றி, மருத்துவக் கழிவுக்கான சிவப்புப் பையில் போட்டு, கையில் சானிடைசர் தேய்த்து, அடுத்தவருக்குப் புது ஜோடி மாட்டினாள். அதற்கடுத்தவருக்கு இன்னொரு புது ஜோடி. பெட்டி பெட்டியாகக் கிளவுஸ் இருந்தது. பக்கத்தில் டிக் அடிக்கும் மேடமும் இருந்தார். ஓர் ஆள் விடாமல், ஒரே சீராக. எல்லோருக்கும் சமம்.

மதியத்துக்குச் சற்று முன்பு சரசு வந்தார்.

முப்பதைத் தாண்டிய வயது. ரிசார்ட்டின் யூனிஃபார்ம் சேலை. பத்து விரல் நுனியிலும் மருதாணி.

"உட்காருங்க சரசு. எங்க வேலை பாக்குறீங்க?"

"இங்கத்தானுங்க மேடம். லைவ் கவுண்டர்ல தோசை ஊத்தறனுங்க. காலைல கெஸ்ட்டுங்க எல்லாம் என் முன்னாடிதான் தட்டத் தூக்கிட்டு நிப்பாங்க."

"மருதாணி அழகா செவந்திருக்கே."

"அதக் காட்டத்தானுங்க வந்தேன்." குரல் இறங்கியது. "வருஷம் பூரா வெச்சுக்கிட்டே இருக்கறனுங்க. எங்கூட்டுக்காரரு கேக்கறாரு... 'தெனமும் கல்யாணப் பொண்ணாட்ட இருக்கறியே, மாப்ள நான்தானா, வேற ஆளா'ன்னு."

சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். மருதாணி தேய்ந்திருந்த ஓரங்களில், நகத்தைச் சுற்றி, தோல் வெள்ளையாக இருந்தது. வெண்புள்ளி. பக்கத்து மேஜையிலிருந்தே எனக்குத் தெரிந்தது. நித்யாவுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் அவள் அவசரப்படவில்லை. அனுமதி கேட்டாள். புது ஜோடி கிளவுஸ் மாட்டினாள். ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தாள். உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்கப் பஞ்சை எடுத்தாள்.

"கண்ண மூடிக்கங்க. பஞ்சு பட்டா சொல்லணும்."

"பட்டுதுங்க... பட்டுதுங்க... இப்பவும் பட்டுதுங்க. ஏனுங்க மேடம், எத்தன வாட்டி தொடுவீங்க? எனக்குக் கூச்சமா இருக்குது."

பிறகு நித்யா சொன்னதை நான் அப்படியே பாடமாக எழுதிவைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "இது வெண்புள்ளி. தோலோட நிறம் மட்டும்தான் போயிருக்கு. தொழுநோய் கிடையாது. யாருக்கும் தொத்தாது. நீங்க ஊத்துற தோசையில ஒட்டாது, பிள்ளைங்களுக்குச் சோறு ஊட்டினா ஒட்டாது. விரல் நுனியில நிறம் திரும்பறது கொஞ்சம் கஷ்டம், பொய் சொல்ல மாட்டேன். ஆனா மருந்து இருக்கு, முயற்சி பண்ணலாம். இப்ப நான் சொன்னதுல உங்களுக்கு என்ன புரிஞ்சுது, சொல்லுங்க?"

"தொத்தாது."

"அவ்வளவுதான். அது போதும்."

சரசுவின் கண் கலங்கிவிட்டது. "நாலு வருஷமா இத மறச்சே வெச்சிருந்தனுங்க மேடம். டாக்டருங்க வேல செய்யற எடத்துக்கே வந்திருக்கையில காட்டாம இருந்தா மனசு கேக்கல."

நித்யா தன் செல்போன் எண்ணைக் கொடுத்தாள். கிளவுஸைக் கழற்றினாள். மேடம் குனிந்து, "எக்ஸலன்ட், நித்யா" என்றார். நானும் மனசுக்குள் கைதட்டினேன்.

நாங்கள் பார்க்கத் தவறியது ஒன்று உண்டு. திரை போட்டிருந்தோம்... ஹாலில் வரிசையில் நிற்கிறவர்களுக்குத் தெரியாதபடி. எங்கள் முதுகுக்குப் பின்னால், சமையலறையிலிருந்து தட்டு நீட்டுகிற ஜன்னல் இருந்தது. அதில் நாலைந்து தலைகள். எங்கள் பேச்சு அங்கே கேட்காது. காட்சி மட்டும் தெரியும், சத்தத்தை நிறுத்திய டிவி மாதிரி.

அந்த டிவியில் என்ன ஓடியது? டாக்டர் கிளவுஸ் மாட்டுகிறார். சரசுவின் விரலைப் பிடிக்கிறார். சரசு கண்ணை மூடுகிறாள். டாக்டர் ஏதோ சொல்ல, சரசு அழுகிறாள். டாக்டர் கிளவுஸைக் கழற்றி, சிவப்புப் பையில் போட்டு, கையைத் தேய் தேய் என்று தேய்க்கிறார்.

அவர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள்? நீங்களாக இருந்தால் என்ன முடிவுக்கு வருவீர்கள்?

சில நாள் கழித்து நித்யாவுக்குச் சரசுவிடமிருந்து போன் வந்தது. முகாமுக்கு மறுநாள் காலையிலேயே அவரைத் தோசைக்கல்லுக்கு முன்னாலிருந்து எடுத்துவிட்டார்களாம். பெட்ஷீட் துவைக்கும் பின்கட்டில் போட்டிருக்கிறார்களாம். சம்பளம் அதேதான். ஆனால் சமையலறையில் அவர் குடிக்கும் டம்ளர் மட்டும் தனியாக ஜன்னல் மேடையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

"சண்ட போடல மேடம், யாரும் ஒரு வார்த்த சொல்லலைங்க," என்றாராம். "அந்தக் கல்லு முன்னாடி நின்னா நானு வேற ஆளுங்க. பெங்களூருப் புள்ளைங்க தோசை ஆன்ட்டி, தோசை ஆன்ட்டின்னு சுத்திச் சுத்தி வரும். பாத்திரம் கழுவறதுல இருந்து அங்க வர எத்தன பாடு! நீங்க ஒரு வார்த்த மேனேஜருகிட்டச் சொன்னாப் போதுமுங்க. டாக்டர் சொன்னாக் கேப்பாங்க."

டாக்டர் சொன்னால் கேட்பார்கள். நாங்களும் அதை நம்பித்தான் பஸ் ஏறினோம்.

நித்யா சும்மா வரவில்லை. துறையின் முத்திரையோடு ஒரு சான்றிதழ்: 'வெண்புள்ளி தொற்றும் தன்மை உடையதல்ல, இவர் உணவு தயாரிக்கும் பணியில் ஈடுபட எந்தத் தடையும் இல்லை.' கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அதைப் பையிலிருந்து எடுத்து, கசங்கியிருக்கிறதா என்று பார்த்தாள். எனக்குத் தலைசுற்றல் வளைவால் வந்ததா, இவளால் வந்ததா தெரியவில்லை.

மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். எஸ்டேட் காபி வந்தது. சான்றிதழை ஒரு வரி விடாமல் படித்தார்.

"நீங்க எழுதினா கரெக்டாத்தானுங்க இருக்கும். நான் நம்பறேன்."

"அப்ப அவங்கள லைவ் கவுண்டருக்கு அனுப்பலாமே சார்?" என்றாள் நித்யா.

"அனுப்பலாமுங்க. இத என்ன பண்ணட்டும், சொல்லுங்க? லேமினேட் பண்ணித் தோசைக்கல்லு பக்கத்துல மாட்டிருட்டுங்களா? 'இவங்க வெரல்ல இருக்கறது தொத்தாது'ன்னு வர்ற கெஸ்ட் எல்லாம் படிக்கட்டும். படிச்சிட்டு தட்ட நீட்டுவாங்களா மேடம்?"

நித்யா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கெஸ்ட்ட விடுங்க. என் கிச்சன் ஆளுங்களே ஒத்துக்க மாட்டேங்கறாங்க. தொத்தாதுன்னு நானே சொல்லிப் பாத்தனுங்க. கூகுள்ல காட்டுனேன். அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாங்க... தொத்தாதுன்னா டாக்டரம்மா எதுக்குக் கிளவுஸ் போட்டாங்க?"

"அது எல்லாருக்கும் போட்டது சார். அன்னிக்கு வந்த ஒவ்வொருத்தருக்கும் போட்டேன்."

"போட்டீங்க. நான் இல்லைங்கல. அவங்க பாத்தது சரசுவுக்குப் போட்டதத்தானுங்க."

அந்த மனிதர் மேல் கோபப்பட எனக்கு ஆசையாக இருந்தது. முடியவில்லை. வெண்புள்ளியைச் சோதிக்கக் கிளவுஸ் தேவையே இல்லை. ரத்தம், சீழ், நீர் வடிகிற புண், வாய்க்குள் இருக்கும் புண், சிரங்கு... இவற்றுக்குத்தான் வேண்டும். புண் இல்லாத தோலை வெறுங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றுதான் எங்கள் புத்தகமும் சொல்கிறது. சொரசொரப்பா, வழுவழுப்பா, சூடா என்பது கிளவுஸுக்குள் இருக்கும் விரலுக்கு எப்படித் தெரியும்? இது நித்யாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். மேடத்துக்கும் தெரியும். மாட்டுவது பழக்கமாகிவிட்டால், எப்போது மாட்டக்கூடாது என்ற கேள்வி வருவதில்லை. 'கைச் சுத்தம்' என்ற கட்டத்தில் டிக் விழுந்துவிடுகிறது. 'யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?' என்று ஒரு கட்டம் கிடையவே கிடையாது.

நோயாளியிடம் நாம் பேசுவது ஒருவருக்கு. நாம் செய்வது அறை முழுக்கக் கேட்கிறது.

"கிச்சனுக்குப் போலாமா சார்?" என்றாள் நித்யா சட்டென்று. அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஏதோ முடிவெடுத்துவிட்டாள்.

சமையலறையில் காலை வேலை ஓய்ந்திருந்தது. ஒருவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். தோசை மாஸ்டர் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சரசுவைப் பின்கட்டிலிருந்து கூப்பிட்டார்கள். சோப்பு நுரை கையோடு வந்தவர், எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க மேடம், வாங்க சார்! ஊட்டுக்கு வராம நேரா இங்க வந்துட்டீங்களே!"

நித்யா நேராகப் போய், அந்த ஈரக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெறுங்கை. எல்லோரும் பார்க்கும்படி. பிடித்தபடியே திரும்பி, "இது தொத்தாதுங்க. தொத்தறதா இருந்தா நான் இப்படிப் பிடிப்பேனா?" என்றாள்.

வெங்காயம் நறுக்குகிறவர் கத்தியை நிறுத்தவில்லை. மாஸ்டர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னைக்குப் புடிக்கறீங்க மேடம்," என்றார். கேலி இல்லை, யோசித்துச் சொல்கிறவரின் குரல். "எங்களுக்குக் காட்டறதுக்காகப் புடிக்கறீங்க. அன்னைக்கு நாங்க பாக்கறது உங்களுக்குத் தெரியாதுங்களே. அன்னைக்குப் பண்ணுனதுதானுங்களே நெசம்?"

நான் எதையாவது சொல்லியிருக்க வேண்டும். எப்போதும் எதையாவது சொல்லுகிற ஆள் நான்.

சரசுதான் மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டார். "விடுங்க மேடம்... கை சோப்பா இருக்குது. உங்க சட்ட நனையுது பாருங்க."

யாருக்காக நாங்கள் மலை ஏறினோமோ, அவரே எங்களைக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். சொன்னேனே, நல்ல மனிதர். எல்லோருக்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். "சீசன் வருதுங்க மேடம். எனக்கும் சரசு கல்லு முன்னாடி நின்னாத்தான் லாபம். அதாட்ட ஊத்த இங்க ஆளில்ல. ஒண்ணு பண்ணலாம். சரசுவும் கிளவுஸ் போட்டுக்கிட்டு ஊத்தட்டும். கெஸ்ட்டும் சுத்தம்னு சந்தோஷப்படுவாங்க, இவங்களும் வாயத் தொறக்க மாட்டாங்க. என்னங்க மாஸ்டர்?"

மாஸ்டர் தலையசைத்தார்.

"சார், தோசைக்கல் சூட்டுல அந்த பிளாஸ்டிக்..." என்று ஆரம்பித்தாள் நித்யா. கையில் சூடு பட்டால், உரசல் பட்டால் அந்த இடத்திலும் நிறம் போகலாம் என்று சொல்ல வந்தாள். எனக்குப் புரிந்தது.

அவள் முடிப்பதற்குள், "போட்டுக்கறனுங்க," என்றார் சரசு.

அத்தனை வேகம். அது பின்கட்டிலிருந்து முன்வாசலுக்கு ஓடி வருகிற வேகம். அதற்கு எதிராக எந்த டாக்டர் எதைச் சொல்ல முடியும்? பிடிக்காத வேலை இல்லை அது. ஆசைப்பட்ட வேலை. விலை மட்டும்தான் நாங்கள் நிர்ணயித்தது.

எங்களைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை. சரசு அப்போதே லைவ் கவுண்டரில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். சமையலறையிலிருந்து ஒரு ஜோடி கிளவுஸ் வந்தது, லொடலொடவென்று பெரிய சைஸ். மாவுக் கரண்டி வழுக்கியது. முதல் தோசை வட்டமாக வரவில்லை. "பழகிரும்," என்று அவராகவே சொல்லிக்கொண்டார். தாமதமாக எழுந்துவந்த ஒரு குடும்பம் தட்டோடு வந்து நின்றது. அந்த அம்மா தன் கணவரிடம், "பாருங்க, எவ்வளவு ஹைஜீனிக்!" என்றார்.

நித்யா தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். வாய்க்குப் போனது குறைவு.

ஒன்று சொல்ல வேண்டும். மறுநாள் துறைக் கூட்டத்தில் அவள் இதை எழுந்து நின்று சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. சிலர் நெளிந்தார்கள். ஒருவர், "நீ ப்ரோட்டோகால்படிதானே செய்தாய், விடு" என்றார். மேடம் விடவில்லை. இனி முகாம்களில் தொட வேண்டிய தோலை வெறுங்கையால் தொட வேண்டும், திரையை நாலு பக்கமும் பார்த்துப் போட வேண்டும் என்று முடிவானது. நல்ல முடிவு. அடுத்து வரும் யாரோ ஒருவருக்கு உதவும். முன்னால் வந்தவருக்கு?

இதை எழுதும்போது எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வருவது அந்தக் கூட்டம் இல்லை. நாங்கள் கிளம்பும்போது நடந்தது.

மழை தூறிக்கொண்டிருந்தது. சரசு கேட் வரை வந்தார். நித்யாவின் பையில் ஒரு பொட்டலம் மிளகைத் திணித்தார். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வேன் என்றார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்பதுபோலத் தயங்கி, "மேடம், உங்க அடுத்த கேம்ப்பு இங்க எப்பங்க?" என்றார்.

நித்யாவின் முகம் அன்றைக்கு முதல்முறையாக மலர்ந்தது. "கண்டிப்பா வருவோம் சரசு. மருந்து எப்படிக் கேக்குதுன்னு பாக்கணுமில்ல? ஏன் கேக்குறீங்க?"

"இல்லீங்க... தேதி தெரிஞ்சா அன்னைக்கு லீவு போட்டு ஊட்டுலயே இருந்துக்குவனுங்க."

கோபமே இல்லை. மரியாதையாகத்தான் சொன்னார்.

நித்யா தேதியைச் சொன்னாள்.